தீர்ப்பைப் படிப்போம், பிறகு பேசுவோம்



வழக்குரைஞர்கள் நீதிமன்றங்களைப் பற்றி எவ்வாறு உரையாடுகின்றனர், அதனின்று நாம் கற்க வேண்டுவது யாது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முக்கியமான தீர்ப்பு வெளிவரும்போதெல்லாம் நம்மிடையே இருவகைக் குரல்கள் எழுகின்றன. ‘நீதிமன்றமே சொல்லிவிட்டது, இனிப் பேச்சென்ன?’ என்பது ஒன்று. ‘நீதிபதிகள் விலைபோய்விட்டனர்’ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சொல்வதற்குத் தீர்ப்பைப் படிக்க வேண்டுவதில்லை! நல்ல சட்ட அறிஞர் இவ்விரு வழியிலும் செல்லார். முடிவுற்ற வழக்கின் தீர்ப்பை நேர்மையாகத் திறனாய்வு செய்வது அவமதிப்பு ஆகாது என்று 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவே கூறுகிறது.

இதற்கொரு சான்று காண்போம். 1972-இல் மகாராட்டிர மாநிலத்துத் தேசாய்கஞ்சு காவல் நிலையத்தில் ஏழை ஆதிவாசிப் பெண்ணொருத்தி காவலரால் கெடுக்கப்பட்டதாக வழக்கு எழுந்தது. உயர்நீதிமன்றம் காவலர் இருவரைத் தண்டித்தது. உச்சநீதிமன்றமோ, உடலில் காயமில்லை, எதிர்த்ததற்கு அடையாளமில்லை எனக் காட்டி 1978-இல் அவர்களை விடுவித்தது.

1979-இல் உபேந்திர பக்சி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், இரகுநாத் கேல்கர் ஆகிய சட்டப் பேராசிரியர் நால்வர் இந்தியத் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். அவர்கள் வசைபாடவில்லை. தீர்ப்பு ஏற்றுக்கொண்ட உண்மைகளையே எடுத்துவைத்து வினவினர்: காவல் நிலையத்தினுள், அதிகாரத்தின் முன், ஓர் ஏழைப் பெண் பணிந்து போவது இசைவாகுமா? இவ்வினா நாடெங்கும் பரவியது. மாதர் அமைப்புகள் வீதிக்கு வந்தன. 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நிகழும் இத்தகைய குற்றத்தில், தான் இசையவில்லை எனப் பெண் சொன்னால் நீதிமன்றம் அவ்வாறே கொள்ள வேண்டும் என்பது விதியாயிற்று. விடுதலை பெற்றவர் மீண்டும் தண்டிக்கப்படவில்லை. ஆயினும் பின்வந்த பெண்களுக்கு அம்மடல் அரணாயிற்று.

அன்பார்ந்த இளைஞர்களே! இம்முறை நமக்கு இன்று மிகவும் வேண்டுவது. 2024 ஆகஸ்டு 1 அன்று உச்சநீதிமன்றத்தின் எழுவர் அமர்வு, பட்டியல் சாதியினர்க்குரிய இட ஒதுக்கீட்டில் உள் ஒதுக்கீடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என, அறுவர்க்கு ஒருவர் என்ற அளவில் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு 2009-இல் அருந்ததியர்க்கு வழங்கிய 3 விழுக்காடும் நிலைபெற்றது. இதனை வரவேற்போரும் நம்முள் உளர், வருந்துவோரும் உளர். இரு சாராரும் பேசட்டும். ஆனால் படித்துவிட்டுப் பேசட்டும். ‘கிரீமிலேயர் வந்துவிட்டது, இட ஒதுக்கீடு ஒழிந்தது’ என அஞ்சியோர் பலர். அமர்வின் முன் இருந்த வினா உள் ஒதுக்கீடு பற்றியதே. கிரீமிலேயர் குறித்து நீதிபதிகள் நால்வர் கூறியது அவர்தம் கருத்து, ஆணையன்று. தீர்ப்பு வேறு, தீர்ப்பினிடையே கூறப்படும் கருத்து வேறு என்பதை அறியாமையால், உடன்பிறந்தார் போன்ற இனங்களிடையே பகை மூளலாமா?

அண்ணல் அம்பேத்கர் 1923 முதல் பம்பாயில் வழக்குரைஞராகத் தொழில் புரிந்தவர். மகாத்துக் குளத்து நீரெடுக்கும் அறப்போருக்கு 1927 திசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவர் போராட்டத்தை ஒத்திவைத்தார். ஆனால் வழக்கைக் கைவிடவில்லை. 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம்மவர் பக்கமே தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தை மதிப்பதும் அதனுடன் வாதாடுவதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே, நம் சங்கப் படிப்பகத்தில் திங்கள்தோறும் ஒரு தீர்ப்பையேனும் கூடிப் படிப்போம். உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் பல இன்று தமிழிலேயே இணையத்தில் கிடைக்கின்றன. நிகழ்ந்தது யாது, எழுந்த வினா யாது, கூறப்பட்ட காரணம் யாது, ஆணை யாது என நான்காகப் பிரித்து எழுதுவோம். பிறகு உடன்படுவோம், அன்றேல் மறுப்போம். மறுப்பதாயின் காரணத்தை மறுப்போம். ஆளைப் பழிக்க வேண்டா.

வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!