பூட்டிய முழங்காலைத் திறத்தல்

தொடை எலும்பையும் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பையும் ஒட்டவைத்து ஒரே எலும்பாக்குவது ஒருகாலத்தில் பெரிய வைத்தியம். 1878இல் அறுவை மருத்துவர் எடுவர்ட் ஆல்பர்ட், வாதத்தால் துவண்ட முழங்காலை அப்படி இறுக்கினார். காசநோய் மூட்டை அரித்தவர்களுக்கும் வேறு வழி இல்லை. 1890இல் பெர்லினில் தெமிஸ்டோக்ளஸ் குளுக் தந்தத்தால் ஒரு கீல் செய்து அத்தகைய முழங்காலில் பொருத்திப் பார்த்தார். சீழ் வைத்துப் போயிற்று. காசநோய்க்கு மருந்து வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

1948இல் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, எலும்பு முனைகளை வெளியிலிருந்து திருகி நெருக்கும் கவ்வியை விவரித்தார். எலும்புகள் சில வாரங்களிலேயே கூடின. மூட்டைப் பூட்டும் கலையைச் செம்மையாக்கிய இதே மனிதர்தான் பிறகு செயற்கை இடுப்பு மூட்டால் உலகப் புகழ் பெற்றார். அவருடைய ரைட்டிங்டன் மருத்துவமனையில்தான் 1968இல் ஃபிராங்க் கன்ஸ்டன் நவீன செயற்கை முழங்காலைப் பொருத்தினார். 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சால் குழுவினரின் மூட்டு வந்தபின் செயற்கை முழங்கால் அறுவை எங்கும் பரவியது.

பூட்டிய கால் வலிக்காது, பாரமும் தாங்கும். ஆனால் மடங்காது. பேருந்து இருக்கையில் கால் நடைபாதைக்கு நீளும். இடுப்பும் முதுகும் அதன் வேலையையும் சேர்த்துச் சுமக்கும். செயற்கை மூட்டு வந்துவிட்ட பிறகு, பூட்டியதைத் திறந்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது. 1980களிலும் 90களிலும் முதல் அனுபவங்கள் மருத்துவ இதழ்களில் வெளியாயின.

எலும்பை அறுப்பது இதில் சுலபமான பாதி. பழைய மூட்டு இருந்த மட்டம் தெரியாமல் போயிருக்கும். வெளிப்புறச் சிற்றெலும்பின் தலைப்பகுதியை அடையாளமாகக் கொண்டு கணிப்பார்கள். முழங்கால் சில்லும் தொடை எலும்போடு ஒட்டியிருந்தால் உளியால் பிரிக்க வேண்டும். பக்கவாட்டுத் தசைநார்கள் பெரும்பாலும் பயனற்றுப் போயிருப்பதால், கீல் வைத்த மூட்டே பல நேரங்களில் தேவைப்படுகிறது.

உண்மையான தடை தசையும் தோலும். காலை நீட்டும் தொடை முன்தசை ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்து சுருங்கியிருக்கும். அதை நீளமாக்க, தலைகீழ் ‘வி’ வடிவில் வெட்டி ‘ஒய்’ வடிவில் தைப்பதுண்டு. அப்படி நீட்டிய தசை வலுவிழப்பதால், முழங்காலைத் தானாக முழுவதும் நிமிர்த்த முடியாத குறை சிலருக்கு எஞ்சுகிறது. பழைய தழும்புத் தோலோ, மடக்கியதும் இழுபட்டு விளிம்பில் அழுகக்கூடும். அதைத் தடுக்கச் சிலருக்கு முன்கூட்டியே தோலுக்கடியில் பலூன் வைத்து உப்பவைத்துத் தோலை விரிக்கிறார்கள்.

வெளியான ஆய்வுகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள்: தோல் அழுகல், கிருமித் தொற்று, மறுபடி இறுகுதல். தரையில் சம்மணமிடும் அளவுக்குப் பொதுவாகக் கால் மடங்குவதில்லை. 70 முதல் 90 டிகிரி கிடைத்தாலே நல்ல பலன். நடக்கும்போது கால் தரையில் இடறாமல் வீச ஏறக்குறைய 65 டிகிரி போதும். முயற்சி தோற்றால் மறுபடி பூட்ட வேண்டிவரும். எலும்பு குறைந்துவிட்டதால் கால் மேலும் குட்டையாகும். எனவே அறுவைக்கு முன் தொடைத் தசைக்கு உயிர் இருக்கிறதா என்று மின்பதிவு எடுத்துப் பார்க்கிறார்கள். அது அசைவற்றுக் கிடந்தால், பெரும்பாலும் பூட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.