569 வரிசைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் காலும்

இந்த வாரம் கொஞ்சம் சீரியஸான விஷயம். ஆனா பயமுறுத்தப் போறதில்ல, ஹெட்போனைக் கழட்டிடாதீங்க.

மெஷின் லேர்னிங் கத்துக்கிட்டவங்க நிறைய பேர் ஒரு டேட்டாசெட்டைத் தொட்டிருப்பீங்க. ஸைகிட்-லேர்ன்ல ஒரே ஒரு வரி எழுதினா லோட் ஆயிடும். மார்பகப் புற்றுநோய் டேட்டா. 569 வரிசை, 30 காலம். காலேஜ் லேப்ல மாடலை ஓட்டி, அக்யூரசி நல்லா வந்துச்சுன்னு ரெக்கார்ட் நோட்டுல எழுதிட்டு கேன்டீனுக்குப் போயிருப்பீங்க.

அந்த 569 எங்கிருந்து வந்துச்சு? அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல டாக்டர் வில்லியம் வோல்பர்க்னு ஒரு சர்ஜன். மார்புல கட்டின்னு வந்தவங்களுக்கு மெல்லிசான ஊசியால செல்களை எடுத்து, மைக்ராஸ்கோப் படத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, செல்லோட நியூக்ளியஸ் எவ்வளவு பெருசு, அதோட ஓரம் எவ்வளவு கோணல்னு அவரும் கூட வேலை பார்த்தவங்களும் அளந்தாங்க. அந்த அளவுகள்தான் நம்மளோட 30 காலம். 357 வரிசை சாதாரணக் கட்டி. 212 வரிசை புற்றுநோய்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. எதையுமே பார்க்காம, எல்லாருக்கும் "ஒண்ணும் இல்ல, போங்க"ன்னு சொல்ற ஒரு மாடல் எழுதுங்க. அதோட அக்யூரசி 63 சதவீதம் வரும்! ஆனா 212 பேரையும் கைவிட்டிருக்கும். அதனாலதான் அக்யூரசியை மட்டும் பார்க்காதே, ரீகால் பாருன்னு சொல்லிக் கொடுக்குறாங்க.

பிரச்சினை என்னன்னா, நம்ம வீடுகள்ல ஓடுறது அந்த மாடல்தான்.

"ஏதோ கட்டி மாதிரி தட்டுப்படுது." "வலிக்குதா?" "வலியெல்லாம் இல்ல." "அப்ப ஒண்ணும் இருக்காது, சூடா இருக்கும்." முடிஞ்சுது. டெஸ்டே இல்லாம ரிசல்ட். உண்மையில பெரும்பாலான மார்பகக் கட்டிகள் புற்றுநோய் இல்லதான். ஆனா புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லங்கிறது நிம்மதிக்கான காரணமே இல்ல.

என் டீம்ல ஒரு நண்பன். அவன் அம்மா ஏழு மாசம் யார்கிட்டயும் சொல்லல. தங்கச்சி கல்யாணம் முடியட்டும்னு இருந்தாங்க. கல்யாணம் முடிஞ்சு காட்டும்போது அக்குள் நிணநீர்க் கணு வரைக்கும் பரவியிருந்துச்சு. முதல்ல கீமோ, அப்புறம் ஆபரேஷன், ரேடியேஷன். இப்ப மாத்திரை சாப்பிட்டுட்டு, செக்கப் போயிட்டு இருக்காங்க. அவன் சொன்ன ஒரு வார்த்தை என்னை விட்டுப் போகவே இல்ல: "அம்மா சொல்லவே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்கடா. வீட்ல யாரும் கேக்கவே இல்லையே."

2022ல மட்டும் இந்தியாவுல சுமார் 1.9 லட்சம் பேருக்குப் புதுசா மார்பகப் புற்றுநோய். அந்த வருஷம் இறந்தவங்க சுமார் 98 ஆயிரம். இந்தியப் பெண்களுக்கு அதிகமா வர்ற புற்றுநோய் இதுதான். இங்க நிறைய பேர் ரொம்பத் தாமதமா டாக்டர்கிட்ட வர்றாங்க, இழப்பு அதிகமா இருக்கறதுக்கு அது ஒரு பெரிய காரணம். அப்ப நம்ம முதல் வேலை, கேக்கிறது.

பசங்களே, உங்களுக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணும்போது சாப்பாடு, மாத்திரை, சுகர் எல்லாம் கேக்கிறோம்ல? கூடவே ஒரு கேள்வி: "அம்மா, மார்புலயோ அக்குள்லயோ கட்டி, தோல் குழி விழுந்த மாதிரி, காம்பு உள்ள இழுத்துக்கிட்ட மாதிரி, ரத்தம் கசியற மாதிரி ஏதாவது இருக்கா?" கூச்சமா இருந்தா அக்காவையோ சித்தியையோ கேக்க வைங்க. "போடா, அதெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னுதான் முதல் பதில் வரும். பரவாயில்ல. கேட்டுட்டா கதவு திறந்துடுச்சு.

30 வயசு தாண்டின பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் அரசு ஆஸ்பத்திரியிலயும் மார்பகப் பரிசோதனை இலவசம். 40 தாண்டினவங்க மேமோகிராம் எப்போ எடுக்கணும்னு டாக்டரைக் கேளுங்க. குடும்பத்துல யாருக்காவது இருந்திருந்தா அதை முன்னாடியே சொல்லுங்க. அப்பாவுக்கும் வரலாம், ரொம்ப அபூர்வம், ஆனா வரும்.

ரெண்டாவது வேலை, ஃபேமிலி குரூப். "கத்தி பட்டா பரவிடும், பயாப்ஸி எடுக்காதீங்க"ன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்திக்கிட்டே இருக்கும். தப்பு. ஊசி போட்டு எடுத்துப் பார்க்காம எந்தக் கட்டி, எந்த மருந்துன்னு முடிவு பண்ணவே முடியாது. பெரியப்பா அனுப்பினார்னு சும்மா இருக்காதீங்க. மரியாதையாவே ஒரு பதில் போடுங்க. அந்த குரூப்ல யாரோ ஒருத்தங்க கட்டியை மறைச்சுக்கிட்டு அதைப் படிச்சிட்டு இருக்கலாம்.

மூணாவது, ஆராய்ச்சி. இது லேப் கோட் போட்டவங்க வேலைன்னு தோணும். மும்பை டாடா மெமோரியல் செஞ்ச ரெண்டு ஆய்வைச் சொல்றேன்.

ஒண்ணு 1998ல ஆரம்பிச்சது. மும்பையில சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள். பாதிப் பேருக்கு, பயிற்சி எடுத்த சுகாதாரப் பணியாளர்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால பரிசோதனை செஞ்சாங்க. மிஷினே கிடையாது. 20 வருஷம் பின்தொடர்ந்து 2021ல முடிவு வெளியிட்டாங்க. 50 வயசும் அதுக்கு மேலயும் இருந்தவங்கள்ல மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. அதைவிடச் சின்ன வயசுல அந்த அளவுக்குப் பலன் தெரியல. அதையும் மறைக்காமச் சொன்னாங்க.

இன்னொண்ணு 2023ல வெளியானது. ஆபரேஷனுக்குச் சில நிமிஷம் முன்னாடி, கட்டியைச் சுத்தி சாதாரண மரப்பு ஊசி, லிடோகைன். பல் புடுங்கும்போது போடுவாங்களே, அந்த மாதிரி. ஊசி போட்டவங்கள்ல 5 வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 90.1 சதவீதம். போடாதவங்கள்ல 86.4. ரொம்ப மலிவான மருந்து. இதுல சுமார் 1,600 பெண்கள் கலந்துக்கிட்டாங்க. தன்னோட சொந்த பயத்துக்கு நடுவுல "சரி, என்னையும் சேர்த்துக்கோங்க"ன்னு கையெழுத்துப் போட்டவங்க. ஆராய்ச்சிங்கிறது அவங்களும்தான். உங்க வீட்ல யாருக்காவது சிகிச்சை நடந்தா, "சேரக்கூடிய ஆய்வு ஏதாவது இருக்கா"ன்னு டாக்டரைக் கேளுங்க. புரியாததை எல்லாம் கேட்டுட்டு, அப்புறம் முடிவெடுங்க.

நாலாவது, காசு. அக்டோபர் வந்தா ஆபீஸ்ல பிங்க் டீ-ஷர்ட், செல்ஃபி. அந்த ரிப்பனுக்கு ஒரு கதை இருக்கு. அமெரிக்காவுல சார்லட் ஹேலின்னு ஒரு அம்மா, 1990களோட தொடக்கத்துல பீச் நிற ரிப்பன் செஞ்சு ஒரு அட்டையோட கொடுத்தாங்க. புற்றுநோய் பட்ஜெட்ல தடுப்புக்கு 5 சதவீதம்தான் போகுதுன்னு அட்டை சொல்லிச்சு. அழகுசாதன கம்பெனியும் பத்திரிகையும் வந்து கேட்டப்போ, வியாபாரமாயிடும்னு மறுத்துட்டாங்க. நிறத்தை பிங்க்கா மாத்தி அவங்க கொண்டு போயிட்டாங்க. அதனால எச்.ஆர்.கிட்ட ஒரு கேள்வி: "இந்த டீ-ஷர்ட் பட்ஜெட்ல ஹவுஸ்கீப்பிங் அக்காங்களுக்கும் சேர்த்து ஒரு பரிசோதனை முகாம் நடத்தலாமா?"

நம்ம ஊர்ல அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல தொடங்கினது. டாக்டர் சாந்தா 2021ல இறக்கும் வரைக்கும் வாழ்க்கையையே அங்க கொடுத்தாங்க. நன்கொடையால வளர்ந்த இடம். ஒரு ஓ.டி.டி. சந்தா அளவு மாசாமாசம் ஆட்டோ-டெபிட் போட்டாலும் போதும். பழைய வரி முறையில இருந்தா, நன்கொடை ரசீது வாங்கி வெச்சுக்கோங்க.

காசு இல்லையா? கீமோ நாள்ல கூடப் போய் உட்காருங்க. ரயில் கட்டணச் சலுகைக்கு ஆஸ்பத்திரில ஃபார்ம் வாங்கிக் கொடுங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு பேப்பரைச் சரிபாருங்க. நமக்கு ஈசியான வேலை, அவங்களுக்கு மலை.

அவ்வளவுதான் மக்களே. அடுத்த எபிசோடைத் தட்டறதுக்கு முன்னாடி, ஒரு போன். அந்த ஒரு கேள்வி. பதில் என்ன வந்துச்சுன்னு என்கிட்ட சொல்ல வேண்டாம், டாக்டர்கிட்ட சொல்லுங்க. பார்ப்போம்!