இன்னாரின் மகன் இன்னார்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

பண்டைய அரபு மக்களின் பெயர் வழக்கங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். கேட்பதற்கு இது வரலாற்றுப் பாடம் போலத் தோன்றும். ஆனால் நமது நிக்காஹ் தப்தரில் ஒரு கட்டத்தை எவ்வாறு நிரப்புவது என்ற கேள்வி வரை இச்செய்தி வந்து நிற்கிறது.

சிரியாவின் தெற்கிலும் ஜோர்தானின் வடகிழக்கிலும் கருங்கற்கள் இறைந்து கிடக்கும் பாலைவெளி உண்டு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒட்டகமும் ஆடும் மேய்த்த நாடோடிகள் அக்கற்களில் தம் பெயர்களைக் கீறி வைத்தனர். முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட இவ்வெழுத்துகளை ஆய்வாளர்கள் படியெடுத்துள்ளனர். பெரும்பாலானவற்றின் வாசகம் ஒன்றுதான்: இன்னாரின் மகன் இன்னார். சிலர் அதோடு நிறுத்தாமல் பாட்டன், பூட்டன் என்று பல தலைமுறைகளை அடுக்கிச் செல்கின்றனர். அதே நிலப்பகுதியில் நமாரா என்னுமிடத்தில் கிடைத்த கி.பி. 328ஆம் ஆண்டுக் கல்லறைக் கல்வெட்டு, இம்ரவுல் கைஸ் என்ற மன்னனுடையது. இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. மன்னனும் அம்ருவின் மகன் என்றே தன்னை அறிமுகம் செய்துகொள்கிறான். இடையனுக்கும் அரசனுக்கும் ஒரே வாய்பாடு!

இது வெறும் குலப்பெருமை அன்று. அரசாங்கமும் காவலும் இல்லாத பாலையில் ஒருவன் கொல்லப்பட்டால் நியாயம் கேட்க வருபவர்கள் அவனுடைய தந்தைவழி உறவினர்களே. வம்சம் சொல்ல இயலாதவனின் உயிருக்குக் கேட்பாரில்லை.

பெயர்களும் அந்த வாழ்வுக்கு ஏற்றவையாகவே இருந்தன. அஸத் என்றால் சிங்கம், கல்ப் என்றால் நாய், ஸக்ர் என்றால் பாறை, ஹர்ப் என்றால் போர், முர்ரா என்றால் கசப்பு. ஹிஜ்ரி 321இல் மறைந்த மொழியறிஞர் இப்னு துரைத், பெயர்களின் பிறப்பைப் பற்றிய தமது நூலில் இதற்கு விளக்கம் தருகிறார். பெற்ற பிள்ளைகளுக்கு இத்தகைய கடுமையான பெயர்களைச் சூட்டிய அரபிகள், அடிமைகளுக்கு மட்டும் இனிய பெயர்களை வைத்தார்களாம். மகனுடைய பெயர் பகைவனின் காதுக்கு, அடிமையின் பெயர் எஜமானனின் காதுக்கு!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பொருள் தீய பெயர்களை மாற்றினார்கள். உமர் (ரலி) அவர்களின் மகள் ஒருவருக்கு, மாறு செய்பவள் என்ற பொருளில் ஆஸியா என்று பெயர் இருந்தது. அதை ஜமீலா என்று மாற்றினார்கள். ஆனால் வற்புறுத்தவில்லை. ஹஸ்ன், அதாவது கரடுமுரடு, என்ற பெயருடைய ஒருவரிடம் ஸஹ்ல் என்று வைத்துக்கொள்ளச் சொன்னபோது, என் தந்தை இட்ட பெயரை மாற்றமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அவருடைய பேரர், மதீனாவின் மாபெரும் அறிஞர் ஸயீத் இப்னுல் முஸய்யப், அந்தக் கடுமை தங்கள் குடும்பத்தை விட்டு நீங்கவே இல்லை என்று பிற்காலத்தில் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது.

சொந்தப் பெயர் மாறியது. தகப்பன் பெயர்? அங்கேதான் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் பழைய பெயர் அப்து அம்ர். மக்காவிலிருந்த உமய்யா இப்னு கலஃபுடன் அவர்கள் ஓர் உடன்படிக்கை எழுதியபோது, ரஹ்மானை நான் அறியேன், பழைய பெயரையே எழுது என்று உமய்யா பிடிவாதம் பிடித்தான். அவ்வளவு போராட்டத்துக்குரிய புதுப் பெயருக்குப் பின்னாலும் அவ்ஃப் என்ற தந்தை பெயர் அப்படியே நின்றது. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முப்பாட்டனார் பெயர் அப்துல் உஸ்ஸா. உஸ்ஸா ஒரு விக்கிரகத்தின் பெயர். அந்த வம்சவரிசையை எவரும் அழித்துத் திருத்தவில்லை. அபூ ஹுதைஃபா (ரலி) அவர்களின் தந்தை உத்பா, ஹிஜ்ரி 2இல் பத்ருப் போரில் முஸ்லிம்களை எதிர்த்து நின்று மாண்டவர். மகனோ இறுதிவரை உத்பாவின் மகன் என்றே அழைக்கப்பட்டார்.

சிறுவயதில் கடத்தப்பட்டு உக்காழ் சந்தையில் விற்கப்பட்ட ஸைத் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் மகனாக வளர்த்தார்கள். மக்கள் அவரை ஸைத் இப்னு முஹம்மத் என்றே அழைத்தனர். அதைவிட உயர்ந்த பெயர் உலகில் வேறு ஏது? இருந்தும், வளர்ப்புப் பிள்ளைகளைச் சொந்தத் தகப்பன்மார் பெயராலேயே அழைக்க வேண்டும் என்ற அஹ்ஸாப் அத்தியாயத்தின் கட்டளை இறங்கியதும், அவர் மீண்டும் ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார். தகப்பன் யாரென்று தெரியாதவர்கள் மார்க்கச் சகோதரர்கள் என்றும் அதே வசனம் வழி காட்டுகிறது.

அவ்வாறான ஒருவர்தான் ஸாலிம் (ரலி). அன்ஸாரிப் பெண்மணி ஒருவர் விடுதலை செய்த அடிமை. அபூ ஹுதைஃபா அவரை மகனாக வளர்த்தார். வசனம் இறங்கியபின் இப்னு என்று சேர்த்துச் சொல்ல ஒரு பெயரில்லை. அவருக்காக எவரும் ஒரு தகப்பனைக் கற்பனை செய்யவும் இல்லை. அபூ ஹுதைஃபாவின் மவ்லா ஸாலிம் என்று உள்ளதை உள்ளபடி அழைத்தனர். நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் வருவதற்கு முன்பே குபாவில் முஹாஜிர்களுக்கு இமாமாக நின்றவர் அவர். குர்ஆனை மற்றவர்களைவிட அதிகம் மனனம் செய்திருந்ததே காரணம். ஹிஜ்ரி 12இல் யமாமா போரில் வளர்த்தவரும் வளர்ந்தவரும் ஒன்றாக ஷஹீதாயினர்.

இப்போது நமது தப்தருக்கு வருகிறேன். புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய சகோதரருக்கு நிக்காஹ் எழுதும்போது, தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில் அப்துல்லாஹ் என்று போட்டுவிடுங்கள் என்போர் உண்டு. எல்லோரும் அல்லாஹ்வின் அடிமைகள்தாமே என்பது அவர்கள் வாதம். நல்லெண்ணம்தான். ஆனால் முருகனோ மாரியப்பனோ, அவரைத் தோளில் சுமந்து வளர்த்த மனிதரின் பெயர் அங்கே இல்லாமல் போகிறது. பிற்பாடு வாரிசுச் சான்றிதழுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அலையும் சிரமம் தனி. எடுத்து வளர்த்த பிள்ளைகளுக்கு வளர்த்தவர் பெயரையே தகப்பனார் கட்டத்தில் எழுதுவதும் இத்தகையதே.

இவ்வாண்டு புதிய தப்தர் அச்சிடவிருப்பதாக நிர்வாகத்தினர் அறிவித்துள்ளனர். அதில் தகப்பனார் கட்டத்தின் கீழே வளர்த்தவர் அல்லது பொறுப்பாளர் என்று இன்னொரு கட்டம் சேர்க்குமாறும், எந்தப் பெயரையும் எழுதுமுன் உரியவரிடமே கேட்டு எழுதுமாறும் வேண்டி அமர்கிறேன்.