அசையாத நட்சத்திரமும் அருந்ததி தரிசனமும்

(இராமேசுவரம் தீவில் ஒரு கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஆகாயத்தைப் பற்றியது. "சோற்றுக்கும் துணிக்கும் வழி தேடுகிறவனுக்கு நட்சத்திரக் கதை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அந்த நட்சத்திரத்தைக் காட்டித்தானே உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் தட்சணை வாங்குகிறார்கள்? ஆகவே அதைப் பற்றித் தெரிந்துகொண்டே தீரவேண்டும்.

முதலில் கார்த்திகை என்னும் அறுமீனைப் பாருங்கள். கார்த்திகை மாதத்தில் பொழுது சாயும் நேரத்தில் அது கிழக்கே எழும்புகிறது. வைகாசியிலோ தேடினாலும் கிடைக்காது. பூமி சூரியனைச் சுற்றி ஓடுவதால், அப்போது அறுமீன் சூரியன் இருக்கும் பக்கமாக அகப்பட்டு வெளிச்சத்தில் மறைந்துவிடுகிறது. நட்சத்திரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 4 நிமிஷம் முந்தி உதிப்பதும் இதனாலேயே. இப்படி மீன்களெல்லாம் மாறி மாறி வந்து போக, வடக்கே துருவ நட்சத்திரம் மாத்திரம் வருஷம் 365 நாளும் இரவில் ஒரே இடத்தில் நிற்கிறதே, ஏன்?

புராணக்காரர் சொல்லும் பதில் உங்களுக்குத் தெரியும். துருவன் என்ற சிறு பிள்ளையைச் சிற்றன்னை சுருசி தகப்பன் மடியில் உட்காரவிடவில்லையாம். அவன் காட்டுக்குப் போய்த் தபசு செய்தானாம். விஷ்ணு வந்து அசையாத பதவி கொடுத்தாராம்.

அறிவு சொல்லும் பதிலுக்குத் தபசு வேண்டியதில்லை, ஒரு குடை போதும். குடையை விரித்து, அதன் கம்பை வடக்கு நோக்கிக் கிட்டத்தட்டப் படுக்கையாக, நுனி மட்டும் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்படி பிடித்துச் சுழற்றுங்கள். நுனியை ஒட்டிய துணி எப்போதும் கண் மட்டத்துக்கு மேலேயே சுழலும். ஓரத்துத் துணியோ மேலே ஏறிக் கீழே இறங்கும். கண் மட்டம்தான் நம் கடல்விளிம்பு. பூமி தன்னைத்தானே சுற்றும் அச்சு வடக்கே எந்த இடத்தை நோக்குகிறதோ அதுதான் குடையின் நுனி. துருவ நட்சத்திரம் அந்த நுனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் அதன் மகிமை!

அந்த நுனி எவ்வளவு உயரத்தில் தெரியும்? பூமத்திய ரேகைக்கு வடக்கே நாம் எத்தனை டிகிரி தள்ளியிருக்கிறோமோ அத்தனை டிகிரி. இராமேசுவரம் சுமார் 9 டிகிரியில் இருக்கிறது. மூட்டமில்லாத இரவில் வடகடல் ஓரத்தில் நின்று, கையை நீட்டி, மடக்கிய முஷ்டியைக் கடல்விளிம்பின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி. துருவன் அந்த முஷ்டியின் மேல் உட்கார்ந்தாற்போல் தெரிவான். அராபிய மாலுமிகள் இதே உயரத்தைச் சிறு பலகையும் முடிச்சுக் கயிறுமாக அளந்துதான் இந்துமகா சமுத்திரத்தில் வழி கண்டார்கள்.

இந்த உயரம் ஊருக்கு ஊர் மாறும். டில்லியில் 28 டிகிரிக்கு மேல். லண்டனில் 51 டிகிரிக்கு மேல். சிங்கப்பூரில் 1 டிகிரி சொச்சம். கடல் மூட்டத்திலேயே மறைந்துபோகும். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கென்று நம் ஜனங்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்களே தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு, அங்கிருந்து பார்த்தால் துருவன் ஒருநாளும் தெரியமாட்டான்! விஷ்ணு கொடுத்த நித்திய பதவி கப்பலேறினால் காணாமற்போகுமா? அங்குள்ள டர்பன் நகரில் தென்சிலுவையின் அடிமீன் ஒருபோதும் அஸ்தமிப்பதில்லை. அந்த மீன் எந்தக் காட்டில் தபசு செய்ததென்று நாம் கேட்கிறோம்.

சப்தரிஷிகளின் கதையும் இதுவே. லண்டனில் அந்த ஏழு மீன்களும் கடல்விளிம்புக்குக் கீழே இறங்குவதே இல்லை. இங்கேயோ ஏழும் தினந்தோறும் முழுகி எழும்புகின்றன. உடனே, "பார்த்தீர்களா, இராமேசுவரத் தீர்த்தத்தின் மகிமையை!" என்று யாராவது ஸ்தல புராணத்தில் எழுதிவிடப் போகிறார்கள்!

சரி, துருவனுடைய பதவிதான் நிலையானதா? அதுவும் இல்லை. இன்றைக்கும் அவன் சரியான நுனியில் இல்லை. முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாக விலகி நின்று, தானும் ஒரு சின்ன வட்டம் சுற்றுகிறான். பூமியின் அச்சு, ஓய்ந்துவரும் பம்பரத்தைப் போல் தலையாட்டி, சுமார் 26,000 வருஷத்துக்கு ஒருமுறை ஆகாயத்தில் ஒரு வட்டம் போடுகிறது. சுமார் 4,700 வருஷத்துக்கு முன் அந்த ஸ்தானத்தில் இருந்தது துபன் என்ற வேறொரு மீன். இன்னும் சுமார் 12,000 வருஷம் போனால் வேகா என்ற மீன் அதற்கு அருகில் வரும். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் நாற்காலிக்கு "அசையாத பதவி" என்று பெயர்!

இனி கல்யாணத்துக்கு வருவோம். சப்தரிஷிகளில் வசிட்டன் என்னும் மீனை ஒட்டி மங்கலாய்த் தெரிவதுதான் அருந்ததி. அது நமது கரையில் ஒரு நாளில் சுமார் 10 மணி நேரம் கடல்விளிம்புக்குக் கீழே கிடக்கிறது. சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் காலை 8 மணி முகூர்த்தத்தில் அது இருப்பது எங்கே தெரியுமா? பூமிக்கு அடியில்! அந்த நேரத்தில் புரோகிதர் கூரையைக் காட்டி, "அருந்ததி தெரிகிறதா?" என்கிறார். பெண்ணும் "தெரிகிறது" என்று தலையாட்டுகிறாள். புருஷன் வீட்டில் அவள் எடுத்துவைக்கும் முதல் அடியே, காணாததைக் கண்டேன் என்று சொல்வதாயிருக்கிறது. அவளைத்தான் அருந்ததியைப் போல் கற்போடு இரு என்கிறார்கள். மாப்பிள்ளை பார்த்து நடந்துகொள்ள ஆகாயத்தில் ஒரு மீன்கூடக் கிடையாதா?

தோழர்களே! மாலை மாற்றிக்கொண்டோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்யும் திருமணம் செல்லும் என்று 1967-ல் நமது சட்டசபையே சட்டம் செய்துவிட்டது. நட்சத்திர சாட்சி தேவையில்லை. நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பவேண்டாம். இன்றிரவே உங்கள் பெண் பிள்ளைகளையும் ஆண் பிள்ளைகளையும் கடற்கரைக்கு அழைத்துப்போய், முஷ்டியை நீட்டி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தன் கையால் ஆகாயத்தை அளந்த பெண், நாளை மணவறையில் கூரையைப் பார்த்துத் தலையாட்டமாட்டாள்.