ஜன்னலோரத்தில் ஒரு தோட்டம்



நியூஜெர்சியில் மார்ச் மாதக் கடைசியிலும் வெளியே மண் சில்லிட்டுத்தான் கிடக்கும். ஆனால் வீட்டுக்குள் ஜன்னலோரத்தில் ஒரு தோட்டம் போடலாம். அமெரிக்கத் திருச்சபைக் குடும்பங்கள் ஈஸ்டருக்குச் செய்யும் உயிர்ப்புத் தோட்டம் அது.

அகலமான தட்டில் மண். அதில் சின்னத் தொட்டி ஒன்றைப் படுக்கவைத்தால் கல்லறை. வாசலை அடைக்க ஓர் உருண்டைக் கல். குருத்தோலை ஞாயிறன்று ஆலயத்தில் தந்த ஓலையை மடித்து, மேலே ஒரு சிலுவை. கல்லறை இருந்தது ஒரு தோட்டத்தில் என்று சொல்வது யோவான் நற்செய்தி மட்டுமே. மகதலேனா மரியாள் உயிர்த்த இயேசுவைத் தோட்டக்காரர் என்றே முதலில் நினைத்ததும் அதில்தான் வருகிறது.

இங்கே பலரும் புல்விதை தூவுவார்கள். அது முளைக்க ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். நம் அஞ்சறைப் பெட்டியில் வெந்தயம் இருக்கிறதே! ஓர் இரவு ஊறவைத்து, பாடுகளின் வாரம் திங்களன்று விதையுங்கள். பெரிய வெள்ளியன்று வீட்டுப் பிள்ளை கல்லை வைத்து வாசலை மூடட்டும். அப்போதே, வெளுத்த தண்டு கொக்கிபோல் வளைந்து, தலையில் மண்துகளோடு எழும்பிக்கொண்டிருக்கும். குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிமிடத்தை அவசரப்படுத்தாதீர்கள்.

ஞாயிறு அதிகாலை, ஆலயத்துக்குக் கிளம்பும் முன், அதே பிள்ளையையே கல்லைப் புரட்டச் சொல்லுங்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. சுற்றிலும் பச்சை.