பாலைவன ஓட்டமும் நமது பாதயாத்திரையும்

(யூபிலி ஆண்டுப் பாதயாத்திரை புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு மாலை, பெரிய முதலியார்சாவடி இளைஞர் கூட்டத்தில் நம் பங்குக் குருவானவர் ஆற்றிய உரை)



இந்த யூபிலி ஆண்டில் நம் ஊரிலிருந்து வேளாங்கண்ணி மாதா திருத்தலத்துக்குக் கால்நடையாகப் போவதென்று முடிவு செய்து, நீங்கள் நம்மிடம் சம்மதம் கேட்க வந்தபோது நாம் பெரிதும் மகிழ்ந்தோம். கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று 150 கிலோமீட்டருக்கு மேல் நீளும் வழி அது. ஆனால் நீங்கள் கொண்டுவந்த தாளில் ஒரு வரி நம்மை உறுத்தியது. ஆறு நாளில் நடப்பதை இம்முறை மூன்றே நாளில் முடிப்பது என்றும், முதலில் போய்ச் சேரும் குழுவுக்குக் கோப்பை வழங்குவது என்றும் அதில் எழுதியிருந்தீர்கள். அன்றைக்கே மறுத்துப் பேச நமக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பினோம். அந்தப் பதிலைச் சொல்லவே இப்போது உங்கள் முன் நிற்கிறோம்.

ஓடுவது தவறென்று சொல்ல நாம் வரவில்லை. நம் ஊர் எல்லையிலேயே, ஆரோவில்லின் செம்மண் பாதைகளில், 2008-ஆம் ஆண்டு ஒரு மராத்தான் ஓட்டம் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். பரிசுக்காக அல்ல, ஓடும் மகிழ்ச்சிக்காகவே ஓடுவது என்பது அதன் கொள்கை. நம் அண்டையில் உள்ள புதுவை ஆசிரமத்தில் 1944 முதல் 1964 வரை வாழ்ந்தவர் ஸ்ரீ சின்மாய். பிறகு நியூயார்க் நகரில் குடியேறிய அவர், 1997-இல் அங்கே 3,100 மைல் ஓட்டம் ஒன்றைத் தொடங்கி வைத்தார். 883 மீட்டர் சுற்றளவுள்ள ஒரே தெருக்கட்டை 5,649 முறை சுற்ற வேண்டும். அதற்குக் கொடுக்கும் காலம் 52 நாட்கள். மனிதனுடைய கால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எல்லை கட்டுவது எளிதல்ல என்று இதனால் அறிகிறோம்.

ஆனால் இன்று நாம் சொல்ல எடுத்துக்கொண்டது பாலைவன ஓட்டம். நம் நாட்டிலும் அது உண்டு. இராஜஸ்தானில் ஜெய்சல்மேரிலிருந்து, 1971 டிசம்பரில் போர் நடந்த லோங்கேவாலா வரை, 160 கிலோமீட்டர் தார் பாலைவனத்தின் ஊடே ஓடுகிறார்கள். எனினும் பல நாள் ஓட்டங்களில் உலகறிந்தது மொரோக்கோ நாட்டில் நடக்கும் மணல் மராத்தான். பத்ரிக் பவேர் என்னும் பிரெஞ்சு இளைஞர் 1984-இல் அல்ஜீரியாவின் சகாரா பாலையில் 350 கிலோமீட்டரைத் தன்னந்தனியே 12 நாளில் நடந்து கடந்தார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே 1986-இல் தொடங்கிய இந்த ஓட்டம். ஏறத்தாழ 250 கிலோமீட்டர், ஒரு வாரம். தன் உணவையும் படுக்கையையும் மருந்தையும் ஒவ்வொருவரும் தாமே முதுகில் சுமக்க வேண்டும். நாளுக்கு 2,000 கலோரிக்குக் குறையாத உணவு பையில் இருக்கிறதா என்று புறப்படும் முன் சோதிப்பார்கள். தண்ணீரை ஓட்டத்தை நடத்துவோர் கொடுப்பார்கள். ஒரு நாள் 80 கிலோமீட்டர் அளவுக்கு நீண்ட கட்டம் வரும். அன்று பலர் இரவெல்லாம் நெற்றி விளக்கோடு நடந்துகொண்டிருப்பார்கள். இந்த ஓட்டத்திலிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று.

முதலாவது, கால். பாலைவனம் என்றதும் நாம் மணல்மேட்டையே நினைக்கிறோம். உண்மையில் அங்கே கல் பரந்த மேடுகளும், வெடித்துக் கிடக்கும் வறண்ட ஏரிகளும் நிறைய உண்டு. சூட்டில் பாதம் வீங்கும், நுழைந்த மணல் தோலைத் தேய்க்கும், கொப்புளம் எழும். பெரிய வீரர்களும் மூச்சு முட்டியோ நெஞ்சு வலித்தோ அல்ல, காலில் எழுந்த ஒரு கொப்புளத்தால் ஓட்டத்தை விட்டதுண்டு. ஆகவே அனுபவமுள்ளவர்கள் வீங்கும் காலுக்கு இடம் விட்டுச் செருப்பளவு பார்ப்பார்கள்; சிறு உறுத்தல் தெரிந்ததுமே நின்று கவனிப்பார்கள். புதுச் செருப்போடு வேளாங்கண்ணிக்குப் புறப்படலாம் என்று நினைக்கும் தம்பிகள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உப்பு. இதை நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்மில் பலர் மரக்காணம் உப்பளங்களில் பாத்தி மிதித்தவர்கள், உப்பு வாரியவர்கள், கூடை சுமந்தவர்கள். வெள்ளை உப்பின் மேல் வெயில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் அந்த இடமும் ஒரு சிறு பாலைவனமே. காலையிலிருந்து அங்கே நிற்பவர்கள் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலை செய்வதில்லை. உப்பிட்ட கஞ்சியும் நீராகாரமும் தூக்கில் எடுத்துப் போகிறார்கள். ஏன்? வியர்வையோடு உடம்பின் உப்பும் வெளியேறுகிறது. அப்போது வெறும் தண்ணீரையே மேலும் மேலும் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்துபோகும். தலைவலி, வாந்தி, மயக்கம், புத்தித் தடுமாற்றம் வரும். முற்றினால் உயிரும் போகும். 2002-இல் பாஸ்டன் மராத்தான் ஓடியவர்களில் 488 பேருடைய இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்கு இந்தக் குறை இருந்தது. அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்ததே அதற்கு முக்கிய காரணம் என்று கண்டார்கள். தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து. மணல் மராத்தானிலும் தண்ணீரோடு உப்பு மாத்திரையும் கொடுத்து அனுப்பும் வழக்கம் இருந்தது. நம் பாட்டிமார் கஞ்சியில் போட்ட கல் உப்பு அந்த மாத்திரைக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

மூன்றாவதாகச் சொல்வதுதான் முக்கியமானது. 1994-இல் மௌரோ ப்ரோஸ்பெரி என்னும் இத்தாலிய போலீஸ்காரர் அந்த ஓட்டத்தில் கலந்துகொண்டார். நல்ல பயிற்சி பெற்றவர், முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர். நான்காம் கட்டத்தில் மணற்புயல் வந்தது. புயல் வந்தால் நின்ற இடத்திலேயே நில் என்பது விதி. ஆனால் நின்றால் மணல் மூடிவிடுமே என்ற அச்சம் ஒருபுறம், பிடித்த இடம் பறிபோகுமே என்ற கவலை மறுபுறம். அவர் நகர்ந்துகொண்டே இருந்தார். புயல் ஓய்ந்தபோது சுற்றிலும் ஒருவரும் இல்லை, பாதையும் இல்லை. மேலே பறந்த ஹெலிகாப்டர் அவரைக் காணாமலே போய்விட்டது. பாழடைந்த ஒரு தொழுகை மண்டபத்தில் ஒதுங்கி, வெளவால்களைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் நம்பிக்கை முறிந்து, உயிரை விட்டுவிடவும் துணிந்தார். பிறகு மனம் தேறி, வைகறையிலும் மாலையிலுமாக நடந்து, மொரோக்கோவின் எல்லையையே தாண்டி அல்ஜீரியாவுக்குள் போய்விட்டார். ஒன்பது நாளுக்குப் பின் அவரைக் கண்டது ஆடு மேய்த்த ஒரு சிறுமி. அவள் பயந்து ஓடிப்போய்க் கூடாரத்துப் பெண்களிடம் சொல்ல, அவர்கள் வந்து ஆட்டுப்பால் கொடுத்தார்கள். அதற்குள் அவர் உடம்பில் ஏறத்தாழ 16 கிலோ எடை குறைந்திருந்தது.

இனி அந்த ஓட்டத்தின் இன்னொரு வழக்கத்தைக் கேளுங்கள். எல்லாருக்கும் கடைசியாக இரண்டு ஒட்டகங்கள் நடந்து வருவது அங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஒட்டகம் உன்னைத் தாண்டிவிட்டால் உன் ஓட்டம் முடிந்தது. இதனால் ஓடியவர்கள் ஒட்டகத்தைக் கண்டு அஞ்சியதுண்டு. ஆனால் நாம் இதை வேறு விதமாகப் பார்க்கிறோம். அந்த ஒட்டகங்களுக்குப் பின்னால் யாரும் இருந்ததில்லை. யாரும் இருக்கக் கூடாது. கடைசி மனிதனும் யாருடைய கண்ணுக்காவது தெரிந்துகொண்டே இருக்கிறான் என்பதற்கு அவை அடையாளமாக இருந்தன.

இதை நாம் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நாம் செய்த ஒரு குற்றத்தை இங்கே உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நாம் இளங்குருவாக வேறொரு பங்கில் இருந்தபோது, அறுபது பேரை இதே வேளாங்கண்ணிக்கு அழைத்துப் போனோம். கொடியைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நடந்தோம். மாலைக்குள் அடுத்த ஊர் சேர வேண்டும், மற்றப் பங்குகளின் கூட்டத்தை முந்த வேண்டும் என்ற வீறாப்பு நமக்கு. இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்து தலை எண்ணியபோது ஒருவர் குறைந்தார். சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினோம். ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு டீக்கடைப் பெஞ்சில் அந்தத் தாய் படுத்திருந்தார். ஆயுள் முழுவதும் உப்பளத்தில் உழைத்தவர். வெயிலுக்குக் குழாயடி தோறும் தண்ணீர் குடித்திருக்கிறார். பின் தலை சுற்றி, வாந்தி எடுத்து விழுந்திருக்கிறார். நம் மதத்தைச் சேராத டீக்கடைக்கார அம்மாள்தான் தூக்கிக் கிடத்தி, உப்புப் போட்ட நீராகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியிருக்கிறார். வியர்வையில் உப்பெல்லாம் போய்விட்டது என்று மறுநாள் பார்த்த மருத்துவர் சொன்னார். ஊரெல்லாம் தின்ன உப்பு வாரிக் கொடுத்தவர், ஒரு கல் உப்பில்லாமல் நம் பின்னால் விழுந்து கிடந்தார்.

அன்றிரவு அவர் நம்மைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "சாமி, நான் இல்லேன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

சோறு போடும்போதுதான் தெரிந்தது என்று எப்படிச் சொல்வது? நாம் வாய் திறக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போனபோதும் அந்தப் பேச்சை எடுக்க நமக்குத் துணிவு வரவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கடன் இன்னும் நம் தலையில் இருக்கிறது.

பழைய ஏற்பாட்டில் எலியாஸ் இறைவாக்கினர் பாலைவனத்தில் ஒரு நாள் வழி நடந்து, களைத்துப்போய் ஒரு செடியடியில் விழுந்து, சாவைக் கேட்ட வரலாறு உங்களுக்குத் தெரியும். ஆண்டவர் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. முதலில் அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், தூங்கவிட்டார், எழுப்பி மறுபடியும் கொடுத்தார். அதன் பிறகே நாற்பது நாள் பயணம். விழுந்தவருக்கு முதலில் தேவைப்படுவது அறிவுரை அல்ல என்பதை நாம் அந்த டீக்கடையில்தான் கண்டுகொண்டோம்.

ஆகவே, இளைஞர்களே, நம் பதிலைக் கேளுங்கள். பாதயாத்திரைக்கு முழு மனத்தோடு சம்மதம் தருகிறோம். மூன்று நாளில் அல்ல, ஆறு நாளில். ஓட வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் பிப்ரவரி மாத மராத்தானுக்குப் பயிற்சி செய்யுங்கள். நாமே வழியில் நின்று கைதட்டுவோம். ஆனால் மாதா கோயிலுக்குப் போகும் வழியில் முதலிடமும் இல்லை, கோப்பையும் இல்லை. கோப்பைக்கு வைத்திருக்கும் பணத்தில் உப்பும் சர்க்கரையும் கட்டுத்துணியும் வாங்குங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இந்த அளவை யாரும் மாற்ற வேண்டாம். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புறப்படும் முன் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். காலை நாலரை மணிக்குப் புறப்பட்டு, பத்து மணிக்கெல்லாம் நிழலில் உட்கார்ந்துவிட வேண்டும். மறுபடி நடப்பது வெயில் தாழ்ந்த பிறகுதான். இருவர் இருவராகச் சேர்ந்துகொள்ளுங்கள். தன் துணையைக் காணவில்லை என்றால் மற்றவர் நின்றுவிட வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணாமல் யாரும் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது.

கொடியை உங்களில் இளையவர் பிடித்துக்கொண்டு முன்னே போகட்டும். நமக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, முழங்காலும் முன்போல் இல்லை. அது இப்போது நல்லதாகவே போயிற்று. தண்ணீர்ப் பானையோடும் உப்புப் பொட்டலத்தோடும் நாம் எல்லாருக்கும் கடைசியில் வருகிறோம். மெதுவாக நடக்கும் பெரியவர்கள் வெட்கப்பட வேண்டாம்; திரும்பிப் பார்த்தால் நாம் அங்கே இருப்போம்.

நம் பங்கு இத்தனை ஆண்டு கடந்து யூபிலி காண்பதும் முன்னே ஓடியவர்களால் மட்டுமல்ல. பின்தங்கியவருக்காக நின்ற பெயர் தெரியாத பலரால்தான். அவர்களை நன்றியோடு நினைத்துக்கொள்வோம். வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னை நம் எல்லாரையும், ஒருவர் குறையாமல், கொண்டு சேர்ப்பாளாக.