விலக மறுத்த உறுப்பினர்

கமிஷன் என்றவுடன் பலருக்கும் தரகுப் பணமே நினைவுக்கு வரும். நான் பேச வந்தது வேறு கமிஷன். அரசாங்கம் தானே அமைத்துத் தன் கைக்குச் சற்று எட்டாமல் வைப்பது.

முறையற்ற வணிகப் போட்டியைத் தடுக்க 1914-இல் அமெரிக்காவில் கூட்டாட்சி வர்த்தகக் கமிஷன் பிறந்தது. உறுப்பினர் ஐவர், ஒரே கட்சியினர் மூவருக்கு மேல் இருத்தலாகாது. திறமையின்மை, கடமை தவறுதல், முறைகேடு ஆகியவற்றுக்காக ஜனாதிபதி ஒருவரை விலக்கலாம் என்றது சட்டம். 1933-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், ஹம்ஃப்ரி என்னும் உறுப்பினரை விலக்கினார். இம்மூன்றில் ஒன்றையும் அவர் காட்டவில்லை. கொள்கை ஒத்துவரவில்லை என்பதே குறை. ஹம்ஃப்ரியோ விலக மறுத்தார்.

அவர் பெருவணிகரிடம் பரிவுடையவர். அக்கொள்கை எனக்கும் உடன்பாடன்று. ஆயினும் இன்று அவரை விலக்கலாமெனில், நாளை வணிகரைத் தட்டிக்கேட்கும் நேர்மையாளரையும் அவ்வாறே விலக்கலாமன்றோ?

1934-இல் அவர் காலமானார். நிலுவைச் சம்பளம் கோரி, அவரது உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர் வழக்காடினார். கமிஷனின் பணி ஆட்சித்துறைப் பணி மட்டுமன்று, நீதிமன்றப் பணியையும் ஒத்தது. ஆகவே விலக்கியது செல்லாது என்று 1935-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமித்து உரைத்தனர்.

தொண்ணூறாண்டு கழித்து, 2025-இல், அதே கமிஷனின் உறுப்பினரை ஜனாதிபதி டிரம்ப் விலக்கினார். அப்போது அந்தத் தீர்ப்பே வழக்குக்கு உள்ளாயிற்று.